நுழைகிறவர் யார்?
மும்பையில் கணினிப் பட்டப்படிப்புகளின் பாடத்திட்டம் குறித்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினிப் பட்டப்படிப்பில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். பைத்தான், டேட்டாபேஸ், கிளவுட், செயற்கை நுண்ணறிவு என்று ஒரு பட்டியலைப் படித்துவிட்டு நான் இறங்கிவிடலாம். பெற்றோர்களில் பலர் அந்தப் பட்டியலை எதிர்பார்த்தே வந்திருப்பீர்கள். ஆனால் பல்கலைக்கழகங்கள் நாற்பது வருடமாகத் திருத்திக்கொண்டிருப்பது அந்தப் பட்டியலைத்தான். உள்ளே வருகிற பிள்ளை யார், அவன் கைக்கு எத்தனை மணி நேரம் கணினி கிடைக்கிறது, கடைசியில் அவனை எதை வைத்துச் சோதிக்கிறோம் என்ற மூன்றையும் யாரும் தொடுவதில்லை. இன்று என் பேச்சு அந்த மூன்றைப் பற்றியது.

பம்பாய்க்கு வந்த தமிழர்களான நம்மவர்களில் ஒரு சாரார் கையில் டைப்ரைட்டிங் சான்றிதழோடு ரயில் ஏறியவர்கள். லோயர், ஹையர். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. முதல் தாள் வேகம். இரண்டாம் தாள் கடிதமும் அட்டவணையும். இரண்டையும் மெஷின் முன்னால் உட்கார்ந்து அடித்துக் காட்ட வேண்டும். டைப்ரைட்டரின் வகைகளையும் பயன்களையும் விவரித்து எழுது என்று யாரும் கேட்டதில்லை. இன்று மும்பைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் தேர்வில் ஒரு கணினித் தாளின் பெரும்பகுதி மதிப்பெண்ணுக்குப் பேனாவால் எழுதுகிறார்கள், மிச்சம் அகமதிப்பீடு. நிரலையும் காகிதத்தில் பேனாவால்தான் எழுத வேண்டும். செய்முறைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் தனியாக மதிப்பெண் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கே.டி. என்கிற அரியர் விழுமோ என்று பையன் பயப்படுவது எழுத்துத் தாளுக்குத்தான். அவன் எதற்குப் பயப்படுகிறானோ அதற்குத்தான் படிப்பான்.

இந்த நகரத்துக்குக் கல்வியை வேலையிலிருந்து தொடங்கத் தெரியாமல் இல்லை. மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி 1887இல் பைகுல்லாவில் தொடங்கியபோது இயந்திரப் பொறியியலும் நெசவும்தான் அதன் முதன்மைப் பாடங்கள். சுற்றிலும் மில்கள் இருந்தன. 1923இல் அது மாட்டுங்காவுக்கு வந்தது. 1933இல் ரசாயனத் தொழில்நுட்பத்துக்கென்று பல்கலைக்கழகம் ஒரு துறையை ஆரம்பித்தது, நாம் யு.டி.சி.டி. என்று சொல்லிப் பழகியது. இரண்டிலும், ஊரில் என்ன வேலை நடக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் பாடம் எழுதியிருக்கிறார்கள்.

கணினியும் முதலில் அப்படித்தான் வந்தது. கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1954இல் சேர்ந்த ஆர். நரசிம்மன் சென்னைக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், பிறகு அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய குழு கட்டிய டிஃப்ராக் என்ற கணினி 1960இல் இயங்கத் தொடங்கியது. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள். நினைவகத்தில் 2,048 சொற்கள், ஒவ்வொன்றும் 40 பிட். உங்கள் சட்டைப்பையில் இருக்கிற போனில் ஒரு குட் மார்னிங் படத்துக்குக்கூட அந்த நினைவகம் போதாது. அதைக் கட்டிய இளைஞர்களில் ஒருவரிடமும் கணினிப் பட்டம் கிடையாது. அப்படியொரு பட்டமே அப்போது இந்தியாவில் இல்லை. கணினியைக் கட்டிக்கொண்டே கணினியைப் படித்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, ‘பட்டமே வேண்டாம், ஆர்வம் இருந்தால் போதும்’ என்று முடிக்கிற பேச்சாளர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்த இளைஞர்களுக்குச் சம்பளம் இருந்தது, பட்டறை இருந்தது, பக்கத்து மேசையில் நரசிம்மன் இருந்தார். இதெல்லாம் கிடைக்காத பிள்ளைகளுக்காகத்தான் பாடத்திட்டம் என்று ஒன்று தேவைப்படுகிறது.

இந்தியாவில் நுழைகிறவரைப் பார்த்து வடிவமைத்த கணினிப் படிப்பு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் எம்.சி.ஏ.வைச் சொல்வேன். முதுநிலைப் படிப்பாயிற்றே என்று கேட்பீர்கள். இளநிலைக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்தார். அங்கே 1963இல் ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியது, 1965இல் எம்.டெக். படிப்பில் கணினி அறிவியலை ஒரு பிரிவாகத் தொடங்கினார்கள். பி.டெக். வர 1978 ஆயிற்று. அதே 1978இல்தான் ஐ.பி.எம். நம் நாட்டை விட்டுக் கிளம்பியது. அதுவரை இயந்திரத்தோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த ஆட்களும் நிரல்களும் நின்றுபோயின. வங்கிக்கும் ரயில்வேக்கும் தொழிற்சாலைக்கும் நிரல் எழுத ஆள் வேண்டும். ஐ.ஐ.டி.களிலிருந்து வருகிறவர்கள் சொற்பம். அப்போது எலெக்ட்ரானிக்ஸ் கமிஷனுக்காக ராஜாராமன் தலைமையிலான குழு ஒரு வழி சொன்னது: கணிதம் தெரிந்த எந்தப் பட்டதாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள், பி.எஸ்சி.யோ பி.காமோ, மூன்று வருடம் சொல்லிக்கொடுங்கள். 1980களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. அப்படித்தான் பிறந்தது.

அதன் அழகு அதன் வாசலில் இருந்தது. பொறியியலுக்குப் பணம் கட்ட முடியாமல் பி.எஸ்சி. படித்த பிள்ளைகள் இந்தியா முழுக்க லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துப் பாடம் வைத்தார்கள். நிரலாக்கத்தோடு கணக்குப்பதிவியலும் நிர்வாகமும் அமைப்புப் பகுப்பாய்வும் சேர்ந்திருந்தன, ஏனென்றால் போகப்போகிற இடம் அலுவலகம். கடைசி செமஸ்டர் ஏதாவது ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து செய்கிற புராஜெக்ட். செம்பூரிலும் முலுண்டிலும் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அஸ்திவாரத்தில் ஓர் எம்.சி.ஏ. சான்றிதழ் இருக்கும். 2020-21இல் அதை இரண்டு வருடமாகச் சுருக்கிவிட்டார்கள். எல்லாரும் பி.சி.ஏ. முடித்துத்தானே வருகிறார்கள் என்பது காரணம். எங்கள் வகுப்புகளில் பி.காம்., கணிதம், இயற்பியல் முடித்தவர்களும் இருந்தார்கள். அந்த வாசல் குறுகிவிட்டது.

இப்போது இளநிலைக்கு வருவோம். உலக அளவில் 1968இலிருந்து ஏ.சி.எம். என்ற கணினியாளர் சங்கம் பத்து வருடத்துக்கு ஒருமுறை போல மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டுவருகிறது. 2005 அறிக்கையில் ஒரு காரியம் செய்தார்கள்: கணினிப் படிப்பை ஐந்தாகப் பிரித்தார்கள். வன்பொருளோடு வேலை செய்கிற கணினிப் பொறியியல், கோட்பாட்டில் வேர்விட்ட கணினி அறிவியல், பெரிய நிரல்களைக் குழுவாகக் கட்டுகிற மென்பொருள் பொறியியல், நிறுவனத்தின் தேவையிலிருந்து தொடங்குகிற தகவல் அமைப்பியல், கட்டிய அமைப்புகளை நிறுவி ஓடவைக்கிற தகவல் தொழில்நுட்பம். 2020 அறிக்கை சைபர் பாதுகாப்பையும் தரவு அறிவியலையும் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொன்றும் தனி வேலை, தனி மனப்பாங்கு.

மும்பையிலும் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பி.இ. கம்ப்யூட்டர், பி.இ. ஐ.டி., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.எஸ்சி. ஐ.டி., பி.சி.ஏ. சமீபத்தில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ. அண்ட் எம்.எல். கூடவே ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங், அடைப்புக்குறிக்குள் ஐ.ஓ.டி. அண்ட் சைபர் செக்யூரிட்டி இன்க்ளூடிங் பிளாக்செயின் டெக்னாலஜி’ என்று ஒரு பிரிவு. கல்யாணப் பத்திரிகையில் இந்தப் பட்டத்தைப் போட்டால் மாப்பிள்ளை பெயருக்கு இடம் இருக்காது. முதல் வருடம் எல்லாருக்கும் பொது. இரண்டாம் வருடப் பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே டேட்டா ஸ்ட்ரக்சர், ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம், ஒரே டி.பி.எம்.எஸ். வேற்றுமை கடைசி வருட விருப்பப் பாடங்களில்தான் தலைகாட்டுகிறது. பெயர் பெருகியது இடங்கள் பெருகுவதற்காக. 2024-25இலிருந்து தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. சிவிலும் மெக்கானிக்கலும் காலியாகிக் கணினி வகுப்புகள் வீங்கினால் யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். அதே ஆண்டு பி.சி.ஏ. படிப்பும் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழே போயிற்று. மகாராஷ்டிரத்தில் அதற்கும் நுழைவுத்தேர்வு வந்தது. ஐம்பது சதவீதம் வாங்கினால் பக்கத்துக் கல்லூரியில் இடம் என்று நினைத்திருந்த பிள்ளைகள் மே மாதத்தில் விண்ணப்பத் தளத்தைத் தேடினார்கள்.

பட்டியல் திருத்துவதில் மட்டும் நாம் சுறுசுறுப்பு. மும்பைப் பொறியியலில் 2012, 2016, 2019 என்று மூன்று திட்டங்கள், பிறகு தேசியக் கல்விக் கொள்கைப்படி புதியது. ஆய்வகத்துக்குள் போனால் வேறு காட்சி. டர்போ சி++ என்ற நீலத் திரையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். போர்லண்ட் நிறுவனம் 1990 வாக்கில் டாஸ் கணினிகளுக்காகக் கொண்டுவந்தது. சி++ மொழிக்கு முதல் உலகத் தரம் வந்தது 1998இல். தரம் வந்து, விண்டோஸ் மாறி, 64 பிட் வந்து, அந்த நீலத் திரை நேரடியாக ஓடாத நிலை வந்த பிறகும் டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் அதை ஓடவைத்துச் சொல்லிக்கொடுத்தோம், நாடு முழுக்க. ‘கிளியர் ஸ்கிரீன்’ போடாவிட்டால் ஒரு மதிப்பெண் குறைத்த ஆசிரியர்கள் உண்டு. அந்தச் சூழலில் ஒரு முழு எண் 32,767க்கு மேல் போகாது. ஒன்று கூட்டினால் மைனஸ் 32,768 என்று காட்டும். நல்ல ஆசிரியர் அங்கேயே நிறுத்தி, ‘ஏன்?’ என்று கேட்டால் ஓர் அருமையான வகுப்பு கிடைக்கும். பெரும்பாலும் ‘பெரிய எண் போடாதே’ என்று சொல்லி அடுத்த நிரலுக்குப் போய்விடுவோம். ஆய்வகப் பதிவேடான ஜர்னலை முடிக்க வேண்டுமே.

பழையது என்பதால் ஒன்றைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்டெல் 8086 சிப் 1978இல் வந்தது. அது பாடத்தில் இருப்பதைக் கேலி செய்வது இப்போது வழக்கம். நான் அதை வைத்துக்கொள்வேன். ரெஜிஸ்டர் என்றால் என்ன, முகவரி என்றால் என்ன என்று கைவிரலால் தொட்டுக் காட்டுகிற அளவுக்குச் சின்ன இயந்திரம் அது. டிஸ்கிரீட் மேத்ஸைத் தொட விடமாட்டேன். நிகழ்தகவுக்கு இன்னும் இடம் கொடுப்பேன். வருடத்துக்கு ஒரு புது மென்பொருள் பெயரைத் தலைப்பாக வைத்து எழுதப்படும் விருப்பப் பாடங்களைத்தான் தூக்கச் சொல்வேன். புத்தகம் அச்சாகி வருவதற்குள் அந்தப் பெயர் மாறிவிடுகிறது. ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரித் திட்டம் நான்கு வருடத்துக்கு 160 கிரெடிட் என்று வைத்தது நல்ல காரியம். பி.எஸ்சி.யில் இப்போது நிலைமை வேறு. மகாராஷ்டிரத்தின் புதிய அமைப்பில் முதல் செமஸ்டரின் ஏறத்தாழ கால் பங்குதான் முதன்மைப் பாடத்துக்கு. மீதியைத் திறந்த விருப்பப் பாடம், மொழி, மதிப்புக் கல்வி, இந்திய அறிவு மரபு என்று பங்குபோட்டாயிற்று. ஒவ்வொன்றும் நல்லதுதான். நிரல் எழுதக் கை பழகுவது எப்போது?

கை பழகுவது. இங்கேதான் தாராவி வருகிறது.

தாராவியிலிருந்து பி.எஸ்சி. ஐ.டி.க்கு வருகிற மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவள் கையில் போன் இருக்கும், வீட்டில் கணினி இருக்காது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கையில் கணினி இருந்தாலும் மேசை போட இடம் ஏது? வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேரப் பிராக்டிகல். அதில் வருகைப்பதிவு, லாக்-இன், மின்வெட்டு போக, இரண்டு பேருக்கு ஒரு கணினி என்றால் அவள் விரல் கீபோர்டில் இருப்பது எவ்வளவு நேரம்? செம்பூரில் வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் மாணவன் அதே பாடத்தை இரவு மூன்று மணி நேரம் தட்டிப் பார்க்கிறான். ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். பாடத்திட்டக் குழுக்களில் ஆய்வக நேரத்தை ‘இரண்டு’ என்று எழுதிவிட்டு நகரும்போது, மீதி நேரம் வீட்டில் நடக்கும் என்று சொல்லாமல் வைத்துக்கொள்கிறோம்.

அவளுக்கு ஏலாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2010களின் நடுவில் ஆவணப்பட இயக்குநர் நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய ‘தாராவி டைரி’ என்ற முயற்சியில், தாராவியின் நயா நகரைச் சேர்ந்த பள்ளிச் சிறுமிகள் ‘எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர்’ என்ற இலவசக் கருவியை வைத்துப் போன் செயலிகள் செய்தார்கள். பெண்களின் பாதுகாப்புக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று. மூன்றாவதன் பெயர் ‘பானி’. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க எப்போது தன் முறை வரும் என்று சொல்கிற செயலி.

அந்தத் தண்ணீர்ச் செயலியிலேயே முதல் வருடத்தின் பாதியை நடத்தலாம் என்பது என் துணிபு. குழாயடியில் மூன்று பேர். முதல் அம்மாவுக்குப் பத்து நிமிடம் வேண்டும், அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று. வந்த வரிசைப்படி விட்டால் காத்திருப்பு பூஜ்யம், பத்து, பன்னிரண்டு. மொத்தம் 22 நிமிடம். குறைவாகப் பிடிப்பவரை முதலில் விட்டால் பூஜ்யம், ஒன்று, மூன்று, மொத்தம் 4. வகுப்பே ‘ஆஹா’ என்னும். உடனே ஒருத்தி கேட்பாள்: ஒரு குடம்காரர்கள் வந்துகொண்டே இருந்தால் பத்து நிமிட அம்மா எப்போது சார் பிடிப்பார்? ஆபரேட்டிங் சிஸ்டம் புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. கடைசி முறைக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் போனை அழுத்தினால் யாருக்குக் கொடுப்பது? இது டேட்டாபேஸ் பாடம். ஆறு மணிக்கு வரவேண்டிய தண்ணீர் ஐந்துக்கே வந்துவிட்டால்? விடியற்காலையில் எந்த வீட்டுப் பெண் தனியாகக் குழாயடிக்கு வருவாள் என்பது எல்லார் திரையிலும் தெரியலாமா? போனே இல்லாத பாட்டிக்கு வரிசையில் இடம் உண்டா? ஏ.சி.எம். 2023 திட்டம் சமூகம், அறம், தொழில் என்று தனி அறிவுப்புலம் வைத்திருக்கிறது. நம் ஊரில் அதைக் கடைசி செமஸ்டரில் ஓர் எழுத்துத் தாளாக்கி மனப்பாடம் செய்ய வைப்போம். அது குழாயடியிலேயே இருக்கிறது, முதல் செமஸ்டரிலேயே. அதைச் சொல்லித்தர செம்பூர்ப் பையனைவிடத் தாராவிப் பெண்ணுக்குத்தான் தகுதி அதிகம்.

இன்று இந்த நிரலை ஏ.ஐ. கருவியிடம் கேட்டால் நொடியில் எழுதிக் கொடுத்துவிடும் என்பீர்கள். கொடுத்துவிடும். அதனால் ‘நிரல் எழுதுக’ என்ற வினாவுக்கு வீட்டுப்பாடத்தில் அர்த்தம் போய்விட்டது, காகிதத்தில் எழுதும் தேர்வில் அது எப்போதுமே இருந்ததில்லை. மிச்சம் இருப்பது வைவா. மாணவியைக் கணினி முன் உட்காரவைத்து, அவள் கொண்டுவந்த நிரலில் ஒரு வரியை அழித்துவிட்டு, ‘இனி என்ன ஆகும்?’ என்று கேட்பது. பிறகு ஓட்டிப் பார்ப்பது. தவறான நிரலொன்றைக் கொடுத்து எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொல்வது. இதற்கு ஒருவருக்கு இருபது நிமிடமாவது வேண்டும். இப்போது வெளித்தேர்வாளர் ஒருவர் வந்து, டீ குடித்து, ஒரு தொகுதி முழுவதையும் மதியத்துக்குள் முடித்துவிட்டுக் கிளம்புகிறார். இரண்டு கேள்வி, ஜர்னலில் ஒரு கையெழுத்து. எழுத்துத் தாளை ஐம்பதாகக் குறைத்து வைவாவை ஐம்பதாக்கச் சொல்வேன்.

உடனே வரும் எதிர்ப்பு: ஆள் எங்கே? நியாயமான எதிர்ப்பு. பல கல்லூரிகளில் கணினிப் பாடங்களைச் சி.எச்.பி. ஆசிரியர்கள்தான் தாங்குகிறார்கள், எடுத்த வகுப்புக்கு மணிக்கணக்கில் சம்பளம், விடுமுறையில் ஒன்றும் இல்லை. அவர்களிடம் போய்க் குழாயடியை வைத்துப் பாடம் தயாரியுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நிறுவனங்கள் இந்த ஓட்டையை என்றோ பார்த்துவிட்டன. விப்ரோ 1995இலிருந்து பி.எஸ்சி. பட்டதாரிகளை எடுத்துத் தானே மேற்படிப்புக்கு ஏற்பாடு செய்தது, டி.சி.எஸ். அறிவியல் பட்டதாரிகளுக்கென்று ‘இக்னைட்’ நடத்தியது. சோஹோ 2005இல் ஆறு மாணவர்களோடு சென்னையில் தன் பள்ளியைத் தொடங்கி, பட்டமே கேட்காமல் ஆள் எடுத்தது. தமிழ்நாட்டு அரசு 2022இல் ‘நான் முதல்வன்’ கொண்டுவந்தது. எல்லாவற்றையும் மதிக்கிறேன். ஆனால் நிறுவனம் தனக்கு வேண்டியவரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும், அது அதன் உரிமை. கல்லூரிக்கு அந்த வசதி இல்லை. வாசலில் யார் வந்து நிற்கிறார்களோ அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

கடைசியாக, இந்த அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். முதல் மதிப்பெண் எடுத்தவருக்குப் பதக்கம் தருவதாகச் சொன்னார்கள், தரட்டும். அதோடு சயன், மாட்டுங்கா பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தை மாலை ஆறிலிருந்து இரவு ஒன்பதரை வரை திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். புதுக் கணினி வாங்க வேண்டாம், இருப்பவை மாலையில் சும்மாதான் இருக்கின்றன. ஒரு லேப் அசிஸ்டென்ட், ஒரு வாட்ச்மேனுக்கு இரண்டாவது ஷிஃப்ட் சம்பளம், மின்கட்டணம், பெண் பிள்ளைகள் தாராவிக்குத் திரும்ப ஆட்டோச் செலவு. இவற்றுக்கு ஆகும் தொகையைத் தனித்தனியாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஆட்டோச் செலவை மட்டும் யாரும் வெட்டிவிட வேண்டாம். அது இல்லையென்றால் எட்டு மணிக்கு மேல் ஆய்வகத்தில் பையன்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.